கல்யாணத்தில் கொடுத்த விதை

எங்கள் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் கையில் தக்காளி விதையைக் கொடுத்து அனுப்பினோம். அந்த யோசனை என் மனைவியுடையது. அதைக் கெடுத்த பெருமை என்னுடையது. இரண்டையும் ஒருநாள் எழுதிவைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இங்கே கிள்ளான் பக்கம் கல்யாண வீட்டுக்காரர்கள் விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. மண்டப வாசலில் ஒரு மேசை போட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் கையில் ஆளுக்கொரு டோர் கிஃப்ட் கொடுத்தாக வேண்டும். அப்படி வந்த குங்குமச் சிமிழ், சாவி வளையம், கண்ணாடிப் புட்டி என்று எங்கள் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருந்தன.

"இதெல்லாம் தூசி தட்டத்தான் ஆவுது. நம்ம தக்காளி விதைய குடுப்போம். போட்டா முளைக்கும், முளைச்சா நம்ம பொண்ண நெனப்பாங்க" என்றாள் மனைவி.

"விதையா? கஞ்சப் பிசினாறின்னு சொல்வாங்க லா" என்றேன். வழக்கம்போல அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நம்ம தக்காளி" என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்களுடையது லிங்க் வீடு, வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டியது. கார் நிற்க வேண்டிய முன்வாசலில் இருபது தொட்டிகள் நிற்கின்றன. கார் பதினொரு வருஷமாக ரோட்டில் காய்கிறது. கிள்ளான் வெயிலில் தக்காளி வளர்ப்பது லேசான காரியம் இல்லை. பாசாரில் விற்பதில் பெரும்பாலும் மலையிலிருந்து லோரியில் இறங்குவதுதான். அவள் அங்கே இங்கே கிடைத்த நாலைந்து ரகங்களைப் போட்டுப் பார்த்தாள். வெயிலில் பூ உதிராமல் நின்றது ஒரே ஒரு செடி. அதன் விதையை எடுத்துப் போட்டு, அதில் நன்றாக நின்றதை மறுபடி எடுத்து, இப்படிப் பதினொரு வருஷம் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தது அந்தத் தக்காளி. சின்னப் பழம், நல்ல புளிப்பு, ரசத்துக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மழை பெய்தால் தோல் வெடிக்கும் என்பது ஒன்றுதான் குறை.

அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸ். கடைசிப் பத்து வருஷம் வார்டுகளில் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருந்தாள். பெரிய டாக்டரையே வாசலில் நிறுத்தி, "கை கழுவுனீங்களா?" என்று கேட்பது அவள் வேலை. கட்டைவிரலைக் கழுவாதவன் கையே கழுவவில்லை என்பது அவள் கட்சி. வீட்டிலும் அதே சட்டம்தான். நான் அதைக் கிண்டல் செய்தே முப்பது வருஷம் குடும்பம் நடத்தினேன்.

நான் போர்ட் கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கிளார்க்காக இருந்தேன். கப்பலில் வருகிற சரக்குக்கு ஃபாரம் நிரப்புகிற வேலை. செடியோ விதையோ வந்தால், இதில் நோய் இல்லை என்று அனுப்பிய நாட்டு அரசாங்கம் கொடுத்த சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்து இணைக்க வேண்டும். அது இல்லாமல் வந்த சரக்குக்காரர்களிடம் நான் போட்ட சத்தம் எங்கள் ஆபீசில் பிரசித்தம். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். என் மனைவியின் தம்பி, என் மச்சான். சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷம் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு, அதை உதறி, காப்பார் பக்கம் நிலம் எடுத்துத் தோட்டம் போட்டவன். மழை படாமல் பிளாஸ்டிக் கூரை போட்ட நாலு கொட்டகை. பைகளில் தேங்காய்நார், குழாயில் சொட்டுச் சொட்டாக உரத்தண்ணீர், அதில் தக்காளியும் மிளகாயும். அவன் குடும்பம் முழுக்க அந்த நாலு கொட்டகையை நம்பித்தான் இருக்கிறது. அக்காளின் தக்காளியைக் கிண்டல் செய்யாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. "அக்கா, உன் தக்காளி லோரி ஏறி இறங்குறதுக்குள்ள சட்னி ஆயிடும்" என்பான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கைப்பிடி விதையைக் கேட்டு வாங்கிப் போனான். போடவே இல்லை. கேட்டால், "ஃபிரிட்ஜ்ல தூங்குது" என்பான். அதில் அக்காளுக்கு உள்ளுக்குள் வருத்தம்தான்.

கல்யாணம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பழுப்புக் காகிதத்தில் இருநூற்றைம்பது பொட்டலம். ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் தடவி, பெண் மாப்பிள்ளை பெயரை மகளே ரப்பர் ஸ்டாம்ப் அடித்திருந்தாள். பழத்தின் சதையை வழித்து, மூன்று நாள் புளிக்க வைத்து, அலசி, தட்டில் பரப்பிக் காயவைத்து, விதையை எடுத்ததெல்லாம் மனைவி. அந்த மூன்று நாளும் சமையலறை நாறியது. புளிக்க வைத்து அலசினால் விதை சுத்தமாகிவிடும் என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

மச்சான் கிளம்பும்போது இரண்டு பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "இந்த சீசன் நாத்துல மொத தட்டு இதான் அக்கா. பொண்ணு கல்யாண விதை, ராசியா இருக்கும்" என்றான். அக்காள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்று மண்டபத்தில் மணப்பெண்ணைவிட அவள்தான் பூரித்துப் போயிருந்தாள்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு காலை, அவள் தொட்டிகளுக்கு முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். இலைகளில் ஓர் இடம் வெளிர்ப் பச்சை, ஓர் இடம் கரும்பச்சை, திட்டுத் திட்டாக இருந்தது. நுனி இலைகள் அகலமில்லாமல் நூலாக ஒடுங்கியிருந்தன. பழங்களில் பழுப்புக் கறை. கல்யாணத்துக்கு முன்னாலேயே சில இலைகள் வெளுத்திருந்தன. உரம் போதவில்லை என்று சொல்லி உரம் போட்டோம். கல்யாண அவசரத்தில் அதற்கு மேல் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"இது பசி இல்ல, நோய்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இந்த வார்டுக்குப் புதுசா யார் வந்தா?" என்று கேட்டாள்.

நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது என் எண்ணம். முந்தின வருஷம் நண்பர்களோடு வெளிநாட்டுக்குச் சுற்றுலா போயிருந்தேன். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன், அந்த ஊர்மேல் எதற்குப் பழி. ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு தக்காளி வைத்தார்கள். சிவப்பில் மஞ்சள் வரி ஓடிய பழம், கடித்தால் தேன். பதினொரு வருஷமாக "அக்கா தக்காளி", "ஆன்டி தக்காளி" என்று ஊரே அவள் பேரைச் சொல்கிறதே, என் பேரிலும் ஒரு தக்காளி இருக்கட்டுமே என்று தோன்றியது. விதையை டிஷ்யூ பேப்பரில் தேய்த்துக் காயவைத்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். சான்றிதழ் எங்கே என்று ஊரை மிரட்டியவன்! வேலியே பயிரை மேய்வது என்றால் இதுதான்.

கடைசி இரண்டு தொட்டிகளில் அவை முளைத்தன. "பாசார்ல நாத்து வாங்கினேன்" என்று சொல்லி வைத்தேன். செடி வளர்ந்தது; பழம் மட்டும் அந்த ஹோட்டல் பழம் மாதிரி வரவில்லை. அலுத்துப்போய்ப் பிடுங்கி எறிந்தேன். ஆனால் அதற்குள் எத்தனையோ சாயங்காலம், என் இரண்டு செடியின் பக்கக் கொழுந்தை நகத்தால் கிள்ளிவிட்டு, அதே நகத்தோடு அவளுடைய செடிகள் எல்லாவற்றையும் கிள்ளியிருக்கிறேன். கொழுந்து கிள்ளுவது வீட்டில் என் வேலை. நடுவில் ஒருநாளும் கை கழுவியதில்லை.

அன்றே இலைகளை ஜிப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஒரு வேளாண்மை ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி தமிழ்ப் பெண், எங்கள் மகள் வயது இருக்கும். இலையைச் சின்னப் பையில் போட்டு, ஏதோ திரவம் விட்டு நசுக்கி, ஒரு பட்டையை அதில் நிறுத்தினாள். கோவிட் காலத்தில் மூக்கைக் குடைந்து வீட்டுக்கு வீடு பார்த்தோமே, அதே மாதிரிப் பட்டை. மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்று பார்த்தோம். முதல் கோடு வந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் வந்தது.

"பாசிட்டிவ், ஆன்டி" என்றாள் அந்தப் பெண்.

என் மனைவி உட்காரவில்லை. நோட்டை எடுத்தாள். "எப்படிப் பரவும்?"

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். இந்த வைரஸ் விதையின் தோலில் ஒட்டிக்கொண்டு வரும். முளைக்கும்போதோ, நாற்றைப் பிடுங்கி நடும்போதோ சின்னக் கீறல் விழுந்தால் அதன் வழியாகச் செடிக்குள் இறங்கும். எல்லா விதையும் நோயைக் கொண்டுவராது, ஏதோ சிலதுதான். ஆனால் ஒரு செடிக்கு வந்துவிட்டால், அதைத் தொட்ட கை, கத்தரி, கட்டிய கயிறு, உரசிய சட்டை, எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும். காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

"விதையில வர்றது கொஞ்சம்தான் ஆன்டி. மிச்சத்த நம்ம கைதான் செய்யும்" என்றாள்.

நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"புளிக்க வெச்சு அலசினேனே?"

"அதுல வேற சில நோய் போவும். இது போவாது. மருந்துல ஊற வைக்கலாம், சூட்டுல வைக்கலாம், அதுலயும் நூத்துக்கு நூறு சொல்ல முடியாது. சாப்பிட்டா மனுசனுக்கு ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்க. தக்காளிக்கும் மிளகாய்க்கும்தான் ஆபத்து."

தக்காளியும் மிளகாயும் என்றதும் மனைவி எழுதுவதை நிறுத்தினாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. காப்பாரில் நாலு கொட்டகை, உள்ளே தக்காளியும் மிளகாயும், மச்சானின் சட்டைப்பையில் இரண்டு பொட்டலம்.

காருக்கு வருவதற்குள் தம்பியை மூன்று தடவை அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. கொட்டகைக்குள் இருந்தால் எடுக்க மாட்டான். "கல்யாணத்துல குடுத்தத இப்ப போய் நோயின்னு சொன்னா, ஊர்ல நம்ம மானம் போயிடும் லா. அவன் இன்னும் போட்டிருக்கவே மாட்டான். ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போம்" என்றேன். பயத்தில் பேசினேன் என்று இப்போது தெரிகிறது.

அவள் என்னைத் திட்டவில்லை. "காப்பாருக்கு விடுங்க" என்றாள். அவ்வளவுதான். பாதி வழியில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி, சோப்பும் பிளாஸ்டிக் பைகளும் கொழுப்பெடுத்த பால் பவுடர் ஒரு டின்னும் வாங்கினாள். பால் பவுடர் எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மச்சானின் தோட்டத்துக்குக் கம்பி வேலி, கம்பிக் கதவு. எங்கள் காரைப் பார்த்ததும் அவன் கொட்டகையிலிருந்து வந்து கதவைத் திறக்கப் போனான்.

"திறக்காத!" என்று அவள் போட்ட சத்தத்தில் நாய்கூட நின்றுவிட்டது. "எங்க துணியில, கையில எல்லாம் இருக்கு. நாங்க உள்ள வரல. நீ அங்கேயே நில்லு."

அவன் சிரித்தான். அக்காள் ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இலையில் திட்டு, பட்டையில் இரண்டு கோடு, விதையின் தோல், கை. சுற்றி வளைக்காமல், ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டாருக்குச் சொல்வதுபோல முதலில் விஷயத்தைச் சொன்னாள். மேல்விவரம் பிறகுதான் வந்தது. முப்பது வருஷம் அவளோடு வாழ்ந்தும் அவள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன்.

"நீ அந்த விதைய போட்டியா?"

அவன் சிரிப்பு போய்விட்டது. "மொத தட்டே அதான் அக்கா. முளைச்சிடுச்சு. நேத்துதான் எல்லா நாத்தையும் தட்டுலேருந்து கப்புக்கு மாத்தினோம்."

"எல்லா நாத்துன்னா?"

"எல்லாந்தான். தக்காளி, மிளகாய், ரெண்டும். மொதல்ல உன் தட்டு, அப்புறம் மத்தது. நானும் ரெண்டு ஆளும்."

ஒரே கைகள். பிடுங்கி, நட்டு, பிடுங்கி, நட்டு, ஒருநாள் முழுக்க. ஒரு சீசனுக்கான நாற்று முழுவதும் அந்தக் கைகள் வழியாகப் போயிருக்கிறது. அவன் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான்.

"என் விதைதான். என் தப்புதான்" என்றாள் அவள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். "அவ தப்பு இல்ல மச்சான். நான்தான். வெளிநாட்டுலேருந்து திருட்டுத்தனமா விதை கொண்டாந்து போட்டேன். பாசார்ல வாங்கினேன்னு பொய் சொன்னேன். கை கழுவாம எல்லாச் செடியையும் கிள்ளினதும் நான்தான்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அந்தச் சட்டையத் துவைச்சது யாரு? பையில டிஷ்யூவோட பாதி விதை ஒட்டிட்டிருந்துச்சு. ரெண்டு செடிதானே, ஆசைப்படுறீங்க, போனாப் போவுதுன்னு விட்டேன். வார்டுன்னா விட்டிருப்பேனா? அதான் சொல்றேன், என் தப்பும்தான்."

என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவளோ தன் பங்கை மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். என் பங்கை நான் சொல்வதற்காக இரண்டு கோடு விழுந்த நேரத்திலிருந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இப்படி ஒருத்தியோடு வாழ்ந்திருக்கிறேனே என்று பெருமையாகவும் இருந்தது.

மச்சான் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. "இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு" என்றான்.

நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, புதுப் பையில் போட்டு, வேலிக்கு உள்ளே எறிந்தாள். என்னென்ன என்று வாயாலும் சொன்னாள். நாற்று மேசையில் இருப்பது அத்தனையும் பையில் கட்டிக் குழியில் போக வேண்டும். கப், தட்டு, மேசை எல்லாம் கிருமிநாசினியில் கழுவ வேண்டும். ஆட்கள் உடுப்பை அங்கேயே மாற்றித் துவைக்க வேண்டும். கொட்டகைகளில் நிற்கிற பழைய செடியை யாரும் தொடக் கூடாது. இனிமேல் நாற்றைத் தொடுவதற்கு முன்னால் கையைச் சோப்பால் கழுவி, பாலில் முக்க வேண்டும்.

"பாலா?" என்றான். அந்த நிலையிலும் அவனுக்கு வாய் அடங்கவில்லை. "இது என்ன, பத்துமலையில பால்குடமா?"

"ஆய்வுக்கூடத்துப் பொண்ணு சொன்னுச்சு. பால்ல இருக்கிற சத்து அந்த வைரஸ ஒட்ட விடாதாம். கொழுப்பில்லாத பால்தான். டின் இங்க வெச்சிருக்கேன், நாங்க போனப்புறம் எடுத்துக்க."

அவன் உள்ளே போனான். ஆட்களைக் கூப்பிட்டான். கறுப்புப் பைகளை மூன்று பேரும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போவது வேலி வழியாகத் தெரிந்தது. கல்யாண விதையில் முளைத்த நாற்றை மட்டும் என்று பிரிக்கவில்லை, எல்லாமே போனது. "அத விட்டு வைக்கலாமே, இத விட்டு வைக்கலாமே" என்று அவன் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. அக்காளும் தம்பியும் ஒரே அச்சு என்று அன்றுதான் கண்டுகொண்டேன். திரும்பி வந்து, "போயிட்டு வாங்க" என்றான். கதவைத் திறக்கவில்லை. அவள்தானே திறக்காதே என்றாள். ஆனாலும் பூட்டிய கதவைப் பார்த்தபோது அவளுக்கு முகம் கோணியது. காரில் கிள்ளான் வரும்வரை அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் இருபது தொட்டிச் செடியையும் பிடுங்கினாள். மிச்சம் இருந்த விதைப் புட்டியையும் விட்டு வைக்கவில்லை. பதினொரு வருஷத் தக்காளி ஒரே மத்தியானத்தில் முடிந்தது. மருந்தில் ஊற வைத்து ஒரு கைப்பிடியாவது வைத்துக்கொள்ளலாமே என்று கெஞ்சினேன். "ஊருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" என்று கேட்டாள்.

மறுநாள் தொடங்கியது தொலைபேசி. யார் எந்த மேசையில் உட்காருவது என்று மகள் எழுதி வைத்திருந்த விருந்தாளிப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு வீடாக அழைத்தாள் மனைவி. கோவிட் காலத்தில் அவள் செய்த அதே வேலை. "கல்யாணத்துல குடுத்த விதையில நோய் இருக்கு. போடாதீங்க. போட்டிருந்தா பிடுங்கிப் பையில கட்டிப் போட்டுடுங்க. கை கழுவுங்க. மன்னிச்சிடுங்க." மொத்தம் நாலு வரி. ஒரே குரலில் நூற்றுக்கணக்கான தடவை சொன்னாள். மானம் போகும் என்று நான் பயந்தேனே, ஒரு மானமும் போகவில்லை. "அதையா? சாமி மேடையில வெச்சிருக்கேன், எடுக்க மனசே வரல" என்றார் ஓர் ஆன்டி. பாதிப் பேருக்குப் பொட்டலம் எங்கே என்றே தெரியவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருந்த ஓர் அங்கிள் மட்டும், "என் செடி நல்லா இருக்கு லா, ஒரு சாண் வளந்திருச்சு, பிடுங்க மாட்டேன்" என்று அடம்பிடித்தார். லிஃப்ட் வேலை செய்யாத கட்டடம். முட்டி வலியோடு ஏழு மாடி ஏறினாள். அவரோடு அரை மணி நேரம் அந்தச் செடியைப் பற்றியே பேசினாள். கடைசியில் அவரே பிடுங்கிப் பையில் போட்டு, கை கழுவிவிட்டு, எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். நான் எல்லா இடத்துக்கும் கூடப் போனேன். பை பிடிப்பது என் வேலை.

பட்டியல் முடிந்தது. மச்சானிடமிருந்து மட்டும் பேச்சில்லை. அவன் மனைவி எப்போதாவது சுருக்கமாக ஒரு செய்தி அனுப்புவாள்: புது நாற்று போட்டாச்சு, கொட்டகைக்கு மாற்றியாச்சு. ஒரு சீசனே தள்ளிப் போயிருந்தது. பழைய செடிகளில் நோய் தெரிகிறதா என்று கேட்க மனைவிக்கு வாய் வராது. போனை எடுப்பாள், வைப்பாள். தம்பி தொழிற்சாலையை விட்டுத் தோட்டம் போடப்போகிறேன் என்றபோது, வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். போடு என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். அந்தத் தோட்டம் தன் விதையால் போனால் என்ன செய்வது என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். காலித் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன், கட்டைவிரல்வரை கை கழுவினேன். என்னால் ஆனது அதுதான்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனே அழைத்தான். "அக்கா, கெளம்பி வா. அத்தானையும் கூட்டிட்டு வா. துவைச்ச துணி போட்டுட்டு வாங்க" என்றான். நல்லதா கெட்டதா என்று குரலில் தெரியவில்லை.

காப்பார் போய்ச் சேர்ந்தோம். கதவு பூட்டியிருந்தது. அவன் உள்ளேயிருந்து வந்தான், கையில் ஒரு பேசின். அதில் பால். கதவுக்கு வெளியே ஒரு முக்காலி போட்டு அதன்மேல் வைத்தான். பக்கத்தில் சோப்பு, தண்ணீர், இரண்டு ஜோடி புது ரப்பர் பூட்ஸ்.

"நாலு கொட்டகையும் சுத்தம் அக்கா. போன வாரந்தான் டெஸ்ட் பண்ணாங்க. எல்லாம் ஒத்தக் கோடு" என்றான். "கைய நனைச்சிட்டு உள்ள வா."

அவள் வரமாட்டேன் என்றாள். சுத்தமாக இருக்கிற இடத்தில் நான் எதற்கு என்றாள். குரல் உடைந்தது.

"நீ சொன்ன ரூல்ஸ்தான் இங்க. கை கழுவி, பால்ல முக்கினா யாரும் வரலாம். உனக்கு மட்டும் தனி ரூலா?"

அவள் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பாலில் முக்கினாள். பிறகு என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, குழந்தைக்குச் செய்வதுபோல் கட்டைவிரல் தனியாக, நகக்கண் தனியாகத் தேய்த்துக் கழுவி, என் கைகளையும் பாலுக்குள் இறக்கினாள். நான் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை.

கடைசிக் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போனான். பத்துப் பதினைந்து செடிகள், இலையெல்லாம் ஒரே பச்சை. சின்னப் பழங்கள். ஒன்றின் தோல் வெடித்திருந்தது.

அவள் அந்த வெடித்த பழத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"மூணு வருசமா ஃபிரிட்ஜ்ல தூங்குனது" என்றான் அவன். "விதையையும் டெஸ்ட் பண்ணேன், செடியையும் டெஸ்ட் பண்ணேன். லோரில ஏத்த முடியாது, சட்னி ஆயிடும். ஆனா ரசத்துக்கு வேணும்ல?"

அவள் கையை நீட்டினாள். தொடுவதற்கு முன்னால் நிறுத்தி, தம்பியைப் பார்த்தாள்.

"தொடு அக்கா" என்றான்.